தபாலில் வந்த பிடிவரிசை

ஜொகூர் பாரு,
18-1-1927

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை திலகம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் செல்லப்பாக்கியம் மச்சாளும் நம்முடைய சின்னத் தங்கச்சி யோகமும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலன்று இங்கே விடியமுன்னரே மழை. முற்றத்தில் அடுப்பு மூட்ட முடியவில்லை. குசினிக்குள்ளேயே பொங்கினேன். இவருக்குக் கந்தோரில் வேலை கூட. களைத்துத்தான் வருகிறார்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் கிருஷ்ணம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். எனக்குத் துணி தோய்த்துத் தருகிறவள், நல்ல மனுஷி. அவளுடைய புருஷன் வேலு கந்தோர்த் தோட்டத்தில் புல் வெட்டுகிறவன். அவன் குடித்துவிட்டு வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறானாம். சொல்லி அழுகிறாள்.

நீங்கள் ஊரில் அண்ணாவியாரிடம் பதினொரு வருஷம் சிலம்பமும் பிடிவரிசையும் படித்தவர்கள். அப்படி இறுக்கிப் பிடித்தால் ஒரு பெண்பிள்ளை எப்படி விடுவித்துக்கொள்ளலாம்? திருப்பி அடிக்க வேண்டாம். கை விட்டால் போதும். கடிதத்தில் எழுதி விளங்குகிற விஷயமா என்று தெரியவில்லை. முடிந்தால் எழுதுங்கள். எனக்குப் பொழுதும் போகும்.

இங்கே தபால்காரன் பதினொரு மணிக்கு வருவான். அந்த நேரம் நான் மட்டுந்தான் வீட்டில்.

உங்கள் அன்புத் தங்கை,
திலகம்


தாப்பா ரோடு,
29-1-1927

என் அருமைத் தங்கச்சி திலகத்துக்கு,

அண்ணன் சிற்றம்பலம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். யோகத்துக்கு இருந்த தடிமனும் தும்மலும் மாறிவிட்டது.

உன் கடிதத்தைக் கண்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! இந்த ஸ்டேஷனில் ஒன்பது வருஷமாக டிக்கெட் கிழிக்கிறேன். என்னிடம் இப்படி ஒரு வித்தை இருக்கிறதா என்று ஒருவனும் கேட்டதில்லை. கேட்டவள் நீ ஒருத்திதான். ஆகவே முறையாகவே எழுதுகிறேன்.

எந்தப் பிடிக்கும் ஒரு வாசல் உண்டு. பெருவிரல் நுனியும் மற்ற விரல் நுனிகளும் சந்திக்கிற இடந்தான் அந்த வாசல். நான்கு விரலை ஒரு பெண்ணால் வெல்ல முடியாது. ஒரு பெருவிரலை வெல்லலாம். ஆகவே கையைப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. முஷ்டியை மடக்கு. மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கம் அந்த வாசலுக்கு நேரே வரும்படி திருப்பு. ஒரு அடி அவனை நோக்கி வை. முழங்கையை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே முஷ்டியை உன் தோளுக்குக் கொண்டுவா. வெடுக்கென்று செய்ய வேண்டும். (உன் தோள் என்று எழுதிவிட்டேன். கிருஷ்ணம்மாவின் தோள் என்று வாசி.)

எழுதினது சரியோ என்று மச்சாளின் கையைப் பிடித்துப் பரீட்சித்தேன். “என்னப்பா, மெல்லப் பிடியுங்கோ, காப்பு நெரியுது!” என்று சத்தம் போட்டாள். மூன்றாந் தரம் அவளே விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். யோகம் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

நாளைக்கு இருபது தரம் பழக வேண்டும். மச்சானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன் சிற்றம்பலம்


ஜொகூர் பாரு,
20-2-1927

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் இவரும் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் நாளாந்தம் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் பிழையாக விளங்கிவிட்டது. கையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நாலு நாள் வீணாகப் பழகினோம். பிறகு நீங்கள் எழுதியதைக் கிருஷ்ணம்மாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடிக்க, நான் அவள் கையைப் பிடிக்க, துணி காயப்போடும் இடத்தில் நின்று செய்துபார்த்தோம். ஆறாம் நாள் சட்டென்று கை வெளியே வந்தது. “அட, வந்திருச்சும்மா!” என்று அவள் கைதட்டினாள். எனக்கும் ஏதோ பெரிதாகப் படித்துப் பாஸ் பண்ணினதுபோல இருந்தது. நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், இப்படி முழங்கை, இப்படித் தோள் என்று உங்கள் குரல் கேட்கிறது.

கிருஷ்ணம்மா இன்னொன்று கேட்கிறாள். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தால் என்ன செய்கிறது? பின்பக்கமிருந்து.

இவர் கந்தோரில் பெரிய துரை மாறி வந்திருக்கிறார். இவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் இவருக்குத் தலையிடி.

திலகம்


தாப்பா ரோடு,
6-3-1927

அன்புத் தங்கச்சி,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆறு நாளில் வந்ததா! எனக்கு அண்ணாவியார் காட்டித்தந்தபோது பத்து நாள் பிடித்தது.

தலைமயிர்: இழுத்துக்கொண்டு ஓடினால் நோவுதான் கூடும். அவன் கையைத் தன் இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். விடாமல் குனிந்து, அவன் பக்கமாகவே திரும்ப வேண்டும். மணிக்கட்டு மடங்கிவிடும், விரல் தானாக விரியும். பயந்தவள் விலகி ஓடப் பார்ப்பாள். இந்த வித்தையில் எல்லாம் அவனை நோக்கிப் போவதுதான். அதுதான் பழக்கத்துக்குக் கஷ்டம்.

ஒரு நல்ல சேதி. யோகத்துக்கு மச்சான் சொன்ன இடம் பொருந்திவிட்டது. அவருடைய பெரியம்மா மகன் ஐயாத்துரை, சிரம்பானில் கிளார்க்கர். குறிப்பும் பொருத்தம். மச்சானின் சொல்லுக்காகத்தான் அவர்கள் சம்மதித்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைக் கரைசேர்க்கிறேன் என்றால் அதில் பாதி உன் புருஷனால். அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்.

அண்ணன் சிற்றம்பலம்

அடியில் நான் செல்லப்பாக்கியம். திலகம், உமது கை சுகமா?


ஜொகூர் பாரு,
11-4-1927

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். யோகத்தின் சேதி கேட்டு மிகவும் சந்தோஷம். மச்சாளுக்கு, என் கை சுகம் என்று சொல்லுங்கள்.

முன்னாலிருந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தால் என்ன செய்யலாம்? சுவரோடு நிற்கிறபோது. பின்னுக்குப் போக இடமில்லை.

தலைமயிருக்கு நீங்கள் எழுதினது ஒரு தரம் சரிவந்தது, ஒரு தரம் வரவில்லை.

இதற்குக் கொஞ்சம் கெதியாகப் பதில் போடுங்கள்.

திலகம்


தாப்பா ரோடு,
25-5-1927

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் வந்து ஆறு கிழமையாகிவிட்டது. தாமதத்துக்குக் கோபிக்காதே. கலியாண வேலை. ஆவணி இருபதாந் தேதிக்கு நாள் வைத்தாயிற்று. ஈப்போவில் மண்டபம். மச்சான்தான் மாப்பிள்ளை பக்கத்துக்கு முன்நின்று எல்லாம் செய்கிறார். தங்கமான மனுஷன்.

கழுத்து: தோளை உயர்த்தி, நாடியை நெஞ்சோடு இறுக்கு. மூச்சுக்கு இடம் கிடைக்கும். ஒரு கையை நேரே மேலே நீட்டி, உடம்பு முழுவதையும் அந்தக் கைக்கு எதிர்ப்பக்கம் திருப்பு. தோள் அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் அடித்துத் தள்ளும். சுவர் இருந்தால் அதையே காலுக்கு உதைப்பாகப் பிடித்துக்கொள்ளலாம்.

கழுத்தைப் பிடிக்கிறவன் விளையாட்டுக்குப் பிடிக்கிறதில்லை. மச்சாளும் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. “ஒருக்காப் போய்ப் பாருங்கோ” என்கிறாள். லீவு எங்கே இருக்கிறது? ஆகவே நேற்று அந்த வேலுவுக்கே கடுமையாக ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். பெண்பிள்ளை மேல் கைவைப்பது ஆண்மையல்ல, உன் மனைவிக்குப் பிடி விடுவிக்கும் முறைகளை என் தங்கை மூலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இனிமேல் கவனமாக இரு என்று எழுதினேன். இனி அவன் அடங்குவான்.

அண்ணன் சிற்றம்பலம்


தாப்பா ரோடு,
30-6-1927

அன்புத் தங்கச்சி,

இங்கே சுகம். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. இரண்டு கடிதம் போட்டேன், இது மூன்றாவது. மச்சான் கலியாணச் சாமான் விஷயமாக எனக்குக் கடிதம் எழுதுகிறார். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, “திலகம் வேலையாயிருக்கிறாள்” என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

இரண்டு வரி எழுது.

சிற்றம்பலம்


ஜொகூர் பாரு,
9-7-1927

தாப்பா ரோடு ஸ்டேஷன் சிற்றம்பலம் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

கிருஷ்ணம்மா சொல்ல, பெட்டிஷன் எழுதும் வீரமுத்து எழுதும் கடிதம். ஐயாவும் வீட்டிலுள்ள எல்லாரும் நல்லபடி இருக்க ஆண்டவனை வேண்டுகிறாள். தான் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதும்படி கேட்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

“ஐயா, எங்க வூட்டுக்காரருக்கு ஆயுசுல வந்த மொத கடுதாசி உங்களுதுதாங்க. நான் தண்ணிக்குப் போயிருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. சந்தோசமா எடுத்துக்கிட்டு முன் வூட்டுக் கனகசபை ஐயாகிட்ட, அதான் உங்க தங்கச்சி வூட்டுக்காரருகிட்ட போயி, படிச்சிச் சொல்லுங்கன்னு கொடுத்துட்டாரு. அவரு ரெண்டு வரி சத்தமாப் படிச்சாரு. அப்புறம் மனசுக்குள்ள படிச்சாரு. ‘ஆள் மாறி வந்த கடிதம், நீ போ’ன்னு சொல்லிட்டுச் சட்டப் பையில வச்சுக்கிட்டாரு.

எங்க வூட்டுக்காரரு என்னைய ஒரு நாளும் கை நீட்டுனதில்லீங்க. குடிக்கவும் மாட்டாரு. அம்மா எங்க பேரச் சொன்னது எனக்குத் தெரியும். சொல்லிக்கிடட்டுமான்னு என்னையக் கேட்டுத்தான் சொன்னாங்க. நான்தான் சரின்னேன். கையப் புடிச்சுப் பழகினது நானு. வலி அவங்களுது.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா முத்தத்துக்கு ஓடியாந்தாங்க. கைய விடுவிச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க, நான் பாத்தேன். அவரு வாசல்ல நின்னுக்கிட்டு, ‘உள்ளே வா’ன்னு மெதுவாச் சொன்னாரு. சத்தமே போடல. அக்கம்பக்கத்து வராந்தாவுல எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. மழை புடிச்சுது. அம்மா உள்ள போனாங்க. கதவச் சாத்திட்டாரு.

வலது கை மணிக்கட்டு ஒடஞ்சு போச்சுங்க. குளிக்கிற இடத்துல வழுக்கி வுழுந்ததா ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உங்க கடுதாசி எல்லாத்தையும் அடுப்புல போட்டாச்சு. இனிமே எழுதினா எம் பேருக்கு, வீரமுத்து ஐயா விலாசத்துக்கு எழுதுங்க. நேர்ல வாங்க ஐயா. நீங்க வந்தா போதும்.”

இவ்வளவுதான் சொன்னாள். கைநாட்டு வைத்திருக்கிறாள்.


தாப்பா ரோடு,
16-7-1927

என் தங்கச்சி,

கிருஷ்ணம்மா எழுதுவித்த கடிதம் கிடைத்தது. அதை வாசித்தபிறகு எப்படிச் சுகம் விசாரிப்பதென்று தெரியவில்லை.

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஆவணி இருபதுக்கு இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது. அழைப்பு எல்லாம் போய்விட்டது. இந்த நேரத்தில் நான் வந்து ஒரு சொல் பேசினால் யோகத்தின் காரியம் நின்றுபோகும். நின்றுபோன பெண்ணை யார் கேட்பான்? நீயே யோசித்துப் பார். ஏழே கிழமை. அவருக்குக் கோபம் வருகிற விஷயங்களைத் தவிர்த்துக்கொள். கலியாணம் முடியட்டும், பேசுவோம்.

வலது கையில் கட்டு இருக்கும்வரை இடது கையாலேயே செய்யக்கூடிய ஒரு முறை உண்டு. கீழே எழுதியிருக்கிறேன். அவன் பிடிக்கிற கையின் சுண்டுவிரலை மட்டும் பிரித்து...

(அந்த முறை முக்கால் பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தது.)

அண்ணன்


ஜொகூர் பாரு,
4-8-1927

அண்ணாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக்குக் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதித் தந்தது பிழையில்லை, அண்ணா. அன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்தார். நீங்கள் சொன்னபடியே திருப்பினேன், அவரை நோக்கி ஒரு அடி வைத்தேன், கை வெளியே வந்தது. அவர் தன்னுடைய வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். எவ்வளவு சந்தோஷமாயிருந்தது தெரியுமா? ஒரு நிமிஷம்.

பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கிருஷ்ணம்மாவின் கொட்டிலுக்குப் போனால் வேலுவின் வேலை போகும். ரோட்டால் நடந்தால் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குப் போய் ஏறினால் எங்கே இறங்குகிறது? உங்கள் கடிதங்களை ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் எனக்குப் பாடம். கை எங்கே, கால் எங்கே, முழங்கை எங்கே என்று எல்லாம் இருந்தது. ‘வா’ என்று எங்கேயும் இல்லை. அதனால்தான் உள்ளே போனேன்.

யோகத்தின் கலியாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஐயாத்துரை இங்கே வந்து நின்ற மூன்று நாளும் ஒரு சொல் சத்தமாய்ப் பேசினதில்லை. இவரும் முந்தி அப்படித்தான் இருந்தார். எனக்கு ஆட்களை அளக்கத் தெரியாது.

கலியாணத்துக்கு என்னைக் கூட்டிவர மாட்டாராம். காய்ச்சல் என்று சொல்வாராம். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

திலகம்


தாப்பா ரோடு,
25-9-1927

திலகத்துக்கு,

கிருஷ்ணம்மா இதை எப்படியாவது உன்னிடம் சேர்ப்பிப்பாள் என்று நம்பி எழுதுகிறேன். நீ எங்கே இருக்கிறாயோ, எப்படி இருக்கிறாயோ தெரியாது. யோகத்தின் கலியாணம் குறையில்லாமல் நடந்தது. அவள் அன்றைக்கு எல்லாரிடமும் உன்னைத்தான் கேட்டாள்.

உன் கடிதம் எனக்குக் கிடைத்தது ஆகஸ்ட் ஆறாந் தேதி. நான் ஜொகூருக்கு வந்து இறங்கினது செப்டம்பர் பதினெட்டு. ஒரு இரவுப் பயணம். ரயில்வேக்காரனுக்கு டிக்கெட்டும் வேண்டியதில்லை. இதை மறைத்து எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது.

உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். மச்சாள் உனக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்துத்தான் என்னை அனுப்பினாள். மச்சான் வாசலில் நின்று கையை நீட்டினார். பதினொரு வருஷம் அண்ணாவியாரிடம் படித்தவன் நான். அந்தக் கையை என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு எத்தனையோ வழி தெரியும். நான் கை கொடுத்தேன்.

“இருங்கோ மச்சான். தேத்தண்ணி குடியுங்கோ” என்றார்.

“திலகம் எங்கை?” என்றேன்.

அவர் கலியாணத்துக்கு ஈப்போ வந்திருந்த அன்றைக்கே நீ போய்விட்டதாகச் சொன்னார். எங்கே என்று தெரியாதாம். “நான் தேடேல்லை. கலியாணத்துக்கு வந்தவ உங்கட வீட்டிலை நிக்கிறா எண்டு கந்தோரிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அப்பிடியே இருக்கட்டும். ஐயாத்துரையின்ரை ஆக்களுக்கும், காய்ச்சல் மாறினாப் பிறகு அங்கை வந்து நிக்கிறா எண்டு சொல்லுவம், அதுதான் நல்லது. யோகமும் இனி எங்கட வீட்டுப் பிள்ளையெல்லோ.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஓம்” என்று சொன்னேன். உன்னை எங்கே என்று கேட்டபிறகு அந்த வீட்டில் நான் பேசினது அந்த ஒரு சொல்தான். சாயந்தர ரயிலுக்குத் திரும்பிவிட்டேன். வேலியோரத்தில் கிருஷ்ணம்மா நின்றாள். நீ இருக்கிற இடத்தை எனக்குச் சொல்லமாட்டேன் என்றாள். சொல்லச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்தைப் பற்றி நீ கேட்டபோதே அது வேலு இல்லையென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவனுக்கு எழுதினேன். மச்சானுக்கு எழுத வேண்டியதை ஒரு புல் வெட்டுகிறவனுக்கு எழுதினேன்.

வா திலகம். இப்போது எழுதுகிறேன். வா.

சிற்றம்பலம்


சிம்பாங் ரெங்கம் பக்கம்,
1-11-1927

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை திலகம் எழுதுவது. நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் நாலு கை மாறி நேற்று வந்தது.

வேலுவின் தமக்கை இருக்கிற ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தாய்மார் பால் வெட்டப் போகிற நேரம் கைக்குழந்தைகளைப் பார்க்கிற கொட்டகையில் எனக்கு வேலை. பதினேழு தொட்டில். கட்டு அவிழ்த்தாயிற்று. வலது கை முழுவதும் மடங்காது, ஆனால் தொட்டில் ஆட்ட அது போதும். எழுதுகிறதற்கு இடது கை பழகிவிட்டது. இங்கே யாரும் என்னைப் பற்றி அதிகம் கேட்கிறதில்லை. கேட்டால், புருஷன் செத்துவிட்டார் என்று சொல்கிறேன். முதல் நாள் அதைச் சொன்னபோது அழுகை வந்தது. ஏன் வந்ததென்று எனக்கே விளங்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை என்று எழுத ஆசை, ஆனால் பொய் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நான் வரவில்லை, அண்ணா. நான் வந்து நின்றால், யோகம் புகுந்த வீட்டில் முதல் கேள்வி அவளுக்குத்தான் வரும். நீங்களும் அதை அறிந்துதான் “ஓம்” என்றீர்கள். மச்சாளிடம் அந்த அறையில் வேறு ஏதாவது சாமான் வைக்கச் சொல்லுங்கள்.

நான் உங்களோடு இருக்கிறேன் என்று எண்ணி யோகம் உங்கள் விலாசத்துக்கு எனக்குக் கடிதம் எழுதுவாள். பிரித்து வாசியுங்கள். நான் சுகமென்று நீங்களே பதில் எழுதுங்கள். அவள் என்ன எழுதினாலும் ஒரு தரம் வாசித்து மூடிவிடாதீர்கள், மச்சாளிடமும் கொடுங்கள். எழுத்து மெலிந்தாலோ, ஒரு மாதம் கடிதம் வராவிட்டாலோ பேனாவை எடுக்க வேண்டாம். அடுத்த ரயிலில் சிரம்பானுக்குப் போங்கள். போனதும் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்.

குழந்தைகள் எழும்பிவிட்டன. நிறுத்துகிறேன்.

திலகம்